கடையைக் கட்டும் முன்

தொடங்குவதற்கு நாள் பார்க்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. முடிப்பதற்கு நாள் குறிக்கிற வழக்கம் இல்லை. சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த இதழுக்குக் காத்திருந்து காத்திருந்துதான் இதழ் நின்றுபோனதை அவர்கள் அறிந்துகொள்கிறார்கள்.

பசுமலையில் ஒரே தெருவில் வளர்ந்து, இன்று வெவ்வேறு கல்லூரிகளில் பாடம் நடத்தும் நாங்கள் மூவர், பதினோரு ஆண்டுகளாக இணையத்தில் ஒரு சிறு புத்தகக் கடை வைத்திருந்தோம். எளிதில் கிடைக்காத கவிதை நூல்களும் சிற்றிதழ்த் தொகுப்புகளுமே சரக்கு. விளம்பரத்துக்குப் பணமில்லை. நண்பர்களும் பழைய மாணவர்களுமாக 43 பேர் தத்தம் பக்கங்களில் இந்நூல்களைப் பற்றி எழுதி, அடியில் எங்கள் கடைக்கு ஒரு சுட்டி வைத்தார்கள். அதன் வழியாக வந்தவர் நூல் வாங்கினால், விலையில் நூற்றுக்கு எட்டு எழுதியவருக்கு. ‘அஃபிலியேட்’ என்று வணிகர்கள் சொல்லும் ஏற்பாடுதான். நாங்கள் அவர்களைக் கூட்டாளிகள் என்றே அழைத்தோம்.

விற்பனை தேய்ந்து, கடையை மூடுவதென்று இந்த ஆண்டு முடிவாயிற்று. தளத்தின் பெயரைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “பணம் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை” என்றார் எங்களில் ஒருவர். மற்ற இருவரும் மறுக்கவில்லை. மௌனம் அவ்வளவு வசதியாக இருந்தது.

அன்று இரவு பேச்சு எங்கெங்கோ சுற்றி, எங்கள் தெருவிலிருந்த ஏஜென்ட் அண்ணாச்சியிடம் வந்து நின்றது. எண்பதுகளின் இறுதியில், விடியுமுன் மதுரை ரயில் நிலையத்துக்குப் போய்க் கட்டுகளை எடுத்துவந்து, திருநகர், விளாச்சேரி, பழங்காநத்தம் என்று சைக்கிளில் பத்திரிகை போட்டவர். ஒரு மாத இதழுக்கு அவரே வீடுவீடாகச் சொல்லி ஆண்டுச் சந்தா சேர்த்துக் கொடுத்தார். நான்கு இதழ்களோடு அது நின்றது. அவருக்கு ஒரு அஞ்சலட்டைகூட வரவில்லை. சந்தா கட்டிய பதினொரு வீடுகளுக்கும் மீதிப் பணத்தைத் தம் கைக்காசிலிருந்து திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் வேண்டாமென்றபோது, “பத்திரிகைக்காரவுக மெட்ராசுல இருக்காக. நீங்க காசு குடுத்தது என் கையில” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் விற்பது சரக்கை. முகவர் கடனாகக் கொடுப்பது தம் முகத்தை. ‘முகவர்’ என்ற சொல்லுக்குள்ளேயே முகம் இருப்பதை இத்தனை ஆண்டு தமிழ் படித்த நாங்கள் அன்றுதான் கவனித்தோம். சொல்லாமல் மூடுகிறவர் போய்விடுகிறார். ஊரார் கேட்பதற்கு எஞ்சியிருப்பது தெரிந்த அந்த முகம் மட்டுமே.

சட்டமும் இதை அறியாததன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 206ஆம் பிரிவு, முகவர் உறவை முறிக்கும்போது நியாயமான முன்னறிவிப்புத் தரவேண்டும், தராவிட்டால் அதனால் நேரும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. முகவரைப் பொறுத்தவரை, செய்தி அவருக்குத் தெரியவரும் முன் அந்த முறிவு செல்லாது என்கிறது 208ஆம் பிரிவு. சுட்டி வைப்பவர் சட்டத்தின் கண்ணில் முகவர்தானா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அறத்தின் கண்ணில் அந்த ஐயம் எழவில்லை.

பெரிய கடைகள் என்ன செய்தன? 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் அஞ்சல் செலவின்றி நூல் அனுப்பிய புக் டெபாசிட்டரியை 2011இல் அமேசான் வாங்கியது. 2023 ஏப்ரல் 4 அன்று மூடல் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 26 அன்று கடை மூடப்பட்டது. இடையில் 22 நாட்கள். ஆண்டுக்கணக்கில் நூல்களைப் பற்றி எழுதி அக்கடைக்குச் சுட்டி வைத்திருந்தவர்கள், பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த 22 நாட்கள் போதுமா என்று கேட்கலாம். ஆயினும் தேதி குறித்துச் சொன்னார்கள். நாங்கள் அதையும் செய்யாமல் இருக்கத் துணிந்திருந்தோம்.

மறுநாள் கணக்கைத் திறந்தோம். ஐந்நூறு ரூபாய் சேர்ந்தால்தான் பங்கு அனுப்புவது என்று தொடக்கத்தில் ஒரு விதி எழுதியிருந்தோம். 31 பேரின் கணக்கில் அதற்குக் குறைவான தொகைகள் தங்கிக் கிடந்தன. கூட்டினால் 7,215 ரூபாய். சத்தமின்றி மூடியிருந்தால் இது எங்களுடையதாகியிருக்கும். மௌனம் ஏன் அவ்வளவு வசதியாக இருந்தது என்பது அப்போது விளங்கியது. எங்களில் எவருக்கும் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

அறுபது நாள் தவணை வைத்துக் கடிதம் எழுதினோம். கடைசியாக ஆர்டர் ஏற்கும் நாள், கடைசி நூல் அனுப்பும் நாள், அதுவரையிலான பங்கு அனைத்தும் ஐந்நூறு என்ற வரம்பின்றிச் சேரும் நாள் மூன்றையும் தனித்தனியே குறித்தோம். ஒவ்வொருவரின் கணக்கையும் இணைத்தோம். நூல்கள் இனி எந்தப் பதிப்பகத்தில் நேரடியாகக் கிடைக்கும் என்ற பட்டியலையும் வைத்தோம். தளத்தின் பெயரை மேலும் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். காலாவதியான பெயரை எவரும் வாங்கலாம். பாரதியைப் பற்றிய கட்டுரையின் அடியில் நண்பர் வைத்த சுட்டி, ஒருநாள் சூதாட்ட விளம்பரத்தில் போய்த் திறக்கக்கூடும். மின்னஞ்சலுக்கு மறுமொழி தராதவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம்.

அப்படி அழைத்ததில் உசிலம்பட்டிப் பக்கம் ஆசிரியையாக இருக்கும் பழைய மாணவி ஒருவர் கிடைத்தார். பள்ளி நூலகத்துக்காக அறுபது நூல்களுக்குத் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தாராம். அடுத்த மாதம் பணம் அனுப்புவதாக இருந்தார். “நல்லவேளை சொன்னீங்க சார். நான்தான் உங்க கடையில வாங்கலாம்னு எச்.எம். கிட்ட சொல்லியிருந்தேன்” என்றார்.

அவருக்குச் சேர வேண்டிய பழைய பங்கு 380 ரூபாய். நினைவே இல்லை என்று சிரித்தார். அன்று மாலையே அனுப்பிவைத்தோம். அறுபது நூல்களும் கடைசி நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.