தலைநகரத்துக் காடும் குமாவூன் மலைக் காடும்

தில்லிக்குப் புதிதாக வந்து குடியேறும் தமிழ்க் குடும்பத்தார் முதல் ஆண்டிலேயே இரண்டு குறைகளைச் சொல்வர். ஒன்று, இங்கே கடல் இல்லை; மற்றொன்று, மலை இல்லை. கடல் இல்லை என்பது உண்மையே. மலை இல்லை என்பது சரியன்று. இராமகிருஷ்ணபுரத்தில் சுவாமிநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் மலை மந்திர் எதன்மேல் நிற்கிறது? 1973-இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் படிகளில் ஏறும்போது நம் காலடியில் இருக்கும் பாறை, குஜராத்தில் தொடங்கி இராஜஸ்தான் வழியாகத் தில்லிவரை வரும் ஆரவல்லித் தொடரைச் சேர்ந்தது. உலகின் மிகப் பழைய மலைகளுள் ஒன்று அது. இமயம் தோன்றுமுன்பே முதுமை அடைந்துவிட்ட மலை.

அம்மலையின் கடைசிக் கிளையைத் தில்லி மக்கள் ‘ரிட்ஜ்’ என்று வழங்குகின்றனர். தெற்கே பாட்டிச் சுரங்கப் பள்ளங்களிலிருந்து புறப்பட்டு, மெஹ்ரௌலி வழியாக நகரின் நடுவே வந்து, வடக்கே வசீராபாத் அருகில் யமுனைக் கரையில் அது மறைகிறது. 1857 மே மாதத்தில் ஆங்கிலேயக் குடும்பங்கள் அஞ்சி ஓடிப் புகலடைந்த கொடிமரக் கோபுரம் வடபகுதி முகட்டின்மீது இன்றும் நிற்கிறது. தென்பகுதி, மெஹ்ரௌலிப் பகுதி, நடுப்பகுதி, வடபகுதி என நான்கு துண்டுகளாகக் கிடக்கும் இக்காட்டில் 7,777 ஹெக்டேர் நிலத்தைக் காப்புக் காடாக்குவதற்கான அறிவிப்பு 1994-இல் வெளியாயிற்று.

இக்காட்டினுள் நுழையும் தமிழருக்கு ஒரு பழைய அறிமுகம் காத்திருக்கிறது. இங்குள்ளோர் ‘விலாயதி கீகர்’ என்பது வேறன்று. நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களைப் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலமேதான். புதுத் தில்லியை எழுப்பிய ஆங்கிலேயர், பாறை முகடு விரைவில் பசுமையாகட்டும் என்று இதனைப் பரப்பினர். வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்டான். இருப்பினும் புரச மரங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. பங்குனி மாதத்தில் அவை இலையுதிர்த்துச் செந்நிறப் பூவாய் நிற்கும் காட்சி, கண்டவர் மறக்கக்கூடியதன்று.

பூ உதிர்ந்தபின் வருவது வேறு காட்சி. சித்திரை, வைகாசி மாதங்களில் மேற்கிலிருந்து ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும். புல் காய்ந்து வெளுக்கும். சருகு கணுக்கால் அளவு சேரும். அப்போது அணையாத பீடித்துண்டு ஒன்று போதும்.

ஒரு மே மாத மாலை, பேரனை அழைத்துக்கொண்டு இக்காட்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் மெல்லிய புகை எழுந்தது. சற்று நேரத்தில் புல்லின்மேல் தீ நாக்கு ஓடத் தொடங்கிற்று. தீயணைப்பு நிலையத்திற்குத் தொலைபேசியில் சொன்னேன். வண்டி தாமதமின்றி வந்தது. ஆனால் வேலிக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால், காவலாளி ஓர் அலுவலகத்தைச் சொன்னார். அலுவலகத்தார் மற்றோர் அலுவலகத்தைச் சொன்னார்கள். அதற்குள் தோட்டக்காரர் இருவரும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களும் வேலியைத் தாண்டிக் குதித்து, பச்சைத் தழைகளை ஒடித்து அடித்தே தீயை அடக்கினர். எரிந்தது இரண்டு கிரவுண்டு இடந்தான். மறுநாள் எழுதிய கடிதத்திற்கு, ‘உரிய அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டது’ என்னும் பதில் வந்தது. உரிய அலுவலகம் எது என்பது அதில் இல்லை.

அன்று வீடு திரும்பும்போது பேரன், “தாத்தா, இந்தக் காடு யாருடையது?” என்று கேட்டான். பல ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

விடை சிக்கலானதுதான். 1991-இல் நிறைவேறிய 69-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி தில்லிக்குச் சட்டமன்றம் கிடைத்தது; ஆனால் நிலம், காவல், பொது ஒழுங்கு ஆகிய மூன்றும் மத்திய அரசிடமே நின்றன. ஆகவே வனத்துறையும் தீயணைப்புப் படையும் தில்லி அரசினுடையவை. காட்டு நிலத்தில் ஒரு பகுதி மத்திய அரசைச் சேர்ந்த தில்லி வளர்ச்சி ஆணையத்தினுடையது. இன்னும் சில பகுதிகள் வேறு மத்திய அலுவலகங்களிடமும், மாநகராட்சியிடமும், இராணுவத்திடமும் உள்ளன. இவற்றை ஒருமுகப்படுத்தவே 1995-இல் ரிட்ஜ் மேலாண்மை வாரியம் அமைக்கப்பட்டது. மரம் வெட்டுவது பற்றிய பெரிய வழக்குகள் வாரியம்வரை செல்கின்றன. சருகு கூட்டுவது பற்றிய சிறிய விண்ணப்பம் வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தச் சிந்தனையோடு ஒரு கோடையில் குடும்பத்துடன் குமாவூன் மலைகளுக்குச் சென்றோம். பழைய தில்லி நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். அங்கே இருப்புப்பாதை முடிந்து மலைப்பாதை தொடங்குகிறது. சிறிது தூரத்தில் பீம்தால் ஏரி. 2016-லும் 2024-லும் காட்டுத்தீ பரவியபோது விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பெரிய வாளிகளைத் தொங்கவிட்டு இந்த ஏரியில்தான் நீர் மொண்டு சென்றன. அதன் கரையில் அமர்ந்து இட்லி உண்டபோது அந்த அமைதியான நீருக்கு இப்படியொரு வரலாறு இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

அல்மோராவை நெருங்க நெருங்க இருபுறமும் ‘சீட்’ எனப்படும் பைன் இனத்து ஊசியிலை மரங்கள். அவற்றின் காய்ந்த ஊசிகளுக்குப் ‘பிரூல்’ என்று பெயர். பழுப்பு நிறத்தில், பிசின் கலந்து, கால் வைத்தால் வழுக்கும். பார்க்க மெத்தைபோல் இருக்கும் அது உண்மையில் விறகுக்கடை.

வழியில் ஒரு சிற்றூரில் தேநீர் அருந்த நின்றோம். அவ்வூர் வனப் பஞ்சாயத்தின் தலைவராக இருந்த முதியவர் எங்களோடு பேசினார். வனப் பஞ்சாயத்து என்பது இம்மலைகளின் தனிச் சிறப்பு. 1911 முதல் 1917 வரை ஆங்கில அரசு இக்காடுகளைக் காப்புக் காடுகளாக்கி, மேய்ச்சல், விறகு உரிமைகளைப் பறித்தது. 1921-இல் மக்கள் வெகுண்டு அக்காடுகளுக்குத் தாமே தீ வைத்தனர். அரசு குறைகேட்புக் குழு ஒன்றை அமைத்து, பின்னர் 1931-இல் ஊர்க் காடுகளை ஊராரே ஆளும் விதிகளை வகுத்தது. இன்று உத்தராகண்டத்தில் 11,000-க்கு மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. உரிமை பறிபோனபோது தீ வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், உரிமை கிடைத்தபின் தீயணைக்க ஓடுகிறார்கள்.

முதியவர் எதிர்ச்சரிவைக் காட்டினார். “பாபுஜி, அது அரசாங்கக் காடு. இது எங்கள் காடு. மாசி மாதத்திலேயே எங்கள் பக்கத்தைப் பெருக்கிவிடுவோம். அந்தப் பக்கத்தைப் பெருக்குங்கள் என்று ஆண்டுதோறும் மனுக் கொடுக்கிறோம். ஆள் இல்லை, பணம் வரவில்லை என்கிறார்கள். தீக்கு எல்லைக் கல் தெரியுமா?” என்றார். சற்றுப் பொறுத்து, “எங்களிடமும் இப்போது ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் உங்கள் தில்லியில்தான் இருக்கிறார்கள்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊரை விட்டு வந்தவர்கள் நாம் மட்டுமல்லர்.

அவ்வூரிலிருந்து வெகு தொலைவில் இல்லை பின்சர் சரணாலயம். 2024 ஜூன் 13 அன்று அங்கே தீயணைக்கச் சென்ற வன ஊழியர் நால்வர் தீயில் சிக்கி உயிர் நீத்தனர். காயமுற்றோர் தில்லி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதற்கு முந்திய மாதந்தான், தீக்காலத்தில் வன ஊழியரைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் கேட்டிருந்தது. நம் நாட்டிலும் இவ்வேதனை உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டதை எந்தத் தமிழ்க் குடும்பம் மறக்கும்?

1976-இல் காடு என்பது மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாறியது. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் இசைவு வேண்டும் என்றது. இவை காடுகளை அழிவினின்று காத்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் வெட்டாமல் காப்பது ஒன்று. எரியாமல் காப்பது மற்றொன்று. முன்னதற்குத் தலைநகரில் ஒரு கையெழுத்துப் போதும். பின்னதற்குச் சரிவுதோறும் துடைப்பம் பிடித்த கைகள் வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே வழக்கு உண்டு. அதன் மேற்கு மாநிலங்களில் காடுகளின் பெரும்பகுதி மத்திய அரசினுடையது; தீயின் வாயில் இருப்பவை சிற்றூர்கள். 2003-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஊர்கள் தமக்கெனத் தீத்தடுப்புத் திட்டம் வகுக்கலாம். எந்தச் சரிவை முதலில் சீர்செய்ய வேண்டும் என்று அத்திட்டம் கூறினால், மத்திய வனத்துறை அதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். மனு என்பது அங்கே திட்டமாகிறது. நம் மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட தேசியக் காட்டுத்தீச் செயல்திட்டமும் மக்கள் பங்கேற்பை வலியுறுத்துகிறது. எழுத்தில் உள்ளதை நடைமுறைக்குக் கொண்டுவருவதே எஞ்சிய பணி.

நாம் செய்யக்கூடியது என்ன? காட்டை ஒட்டிய குடியிருப்புச் சங்கங்கள் தை மாதத்திலேயே மூன்று கேள்விகளை எழுதிக் கேட்கலாம்: இப்பகுதி எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது? சருகு அகற்றும் நாள் எது? வேலிக் கதவின் சாவி எவரிடம் உள்ளது? தேராதூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கண்டறியும் தீ எச்சரிக்கையைப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கைப்பேசிக்கே அனுப்புகிறது; எவரும் பதிவு செய்யலாம்.

ஊர் திரும்பியதும் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வழியாக அம்மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பினோம். இரண்டிற்கு இன்னும் விடை வரவில்லை. மூன்றாவதற்கு வந்தது. சாவியின் படி ஒன்று இப்போது எங்கள் தெருமுனைக் காவல் அறையில் ஆணியில் தொங்குகிறது. பள்ளிக்குப் போகும் வழியில் பேரன் அதனை நாள்தோறும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.