பதினேழு படிகள்

லூனாசில் உள்ள எங்கள் வீட்டு மாடிப்படியை மாற்றப் போகிறோம். சில மாதங்களாக வீட்டில் இதே பேச்சுதான். அம்மா இனி மாடியில் இருப்பாரா, கீழே இறங்கிவிடுவாரா என்ற கேள்வியும் அந்தப் படியோடு சேர்ந்து வந்ததால், பேச்சு சீக்கிரம் முடியவில்லை.

கீழே கல்லு, மேலே பலகை என்று அந்தக் காலத்தில் கட்டுவார்களே, அப்படிப்பட்ட வீடு எங்களுடையது. தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியபோது, அப்பா தம் சேமநிதிப் பணத்தைப் போட்டுக் கட்டினார். கூடம் சிறியது. இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டி, படியைச் செங்குத்தாகவே வைத்தார்கள். பத்தடி உயரத்துக்கு 14 ஏற்றம்; ஒவ்வொன்றும் எட்டரை அங்குலம். கால் வைக்கும் பலகையின் அகலமோ எட்டு அங்குலம்தான். பிள்ளைகளாக இருந்தபோது நாங்கள் இரண்டிரண்டாகத் தாவி ஏறினோம்.

இப்போது அம்மாவுக்கு 71 வயது. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனால், 513 படிகளையும் ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அப்படிப்பட்டவர், வீட்டுப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்தார். பாதம் முழுதாகப் பதியாத படியில் வேறு எப்படி இறங்குவது? பக்கப் பலகையைக் கறையான் அரித்திருப்பதும் அதே சமயத்தில்தான் தெரியவந்தது.

“அம்மா கட்டிலைக் கீழே போட்டுவிடலாம். படியை அப்புறம் பார்ப்போம்” என்றார் அண்ணன். செலவில்லாத யோசனைதான். ஆனால் சாமி மேடை, அப்பாவின் படம், தையல் மிஷின் எல்லாம் மாடியில் இருக்கின்றன. அம்மா ஒரே வரியில் கேட்டார்: “நான் கீழேயே கிடந்தா, மேல இருக்கிறது யாரு வீடு?” அண்ணன் அதன்பின் கட்டில் பேச்சை எடுக்கவில்லை.

வந்து பார்த்த குத்தகையாளர், “அதே அளவுல புதுப் பலகை போட்டா சீக்கிரமா முடிச்சிடலாங்க” என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபசட்டம் படிக்கு அளவு சொல்கிறது. உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மிதிக்கும் இடம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது, சுமார் ஏழு அங்குலமும் பத்து அங்குலமும். எல்லாப் படியும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இது முக்கியம். இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த அளவைப் பழகிக்கொள்கிறது. நடுவில் ஒன்று அரை அங்குலம் மாறினாலும் தடுக்கிவிடும்.

அந்தக் கணக்குப்படி எங்கள் பத்தடிக்கு, மாடித் தரையையும் சேர்த்து, 17 ஏற்றம் வருகிறது. பழைய படி தரையில் ஒன்பதடிக்கும் குறைவாகவே நீண்டிருந்தது. புதியதை நேராகப் போட்டால் பதின்மூன்றடி தாண்டும். சமையலறை வாசல் அடைபட்டுவிடும். ஏறுபவரின் தலை உத்தரத்தில் இடிக்காமலிருக்க, மாடித் தரையில் உள்ள திறப்பையும் பெரிதாக்க வேண்டும். ஒரு படியைத் தொட்டால் வீட்டின் பாதியைத் தொட வேண்டியிருக்கிறது!

நடுவில் ஒரு மேடை வைத்து, படியைப் பக்கத்துச் சாமான் அறைப் பக்கம் திருப்புவதென்று முடிவாயிற்று. செலவு இரண்டு மடங்கு. சாமான் அறை போய்விடும். அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களும் அதோடு போகும். அவர் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் மறுக்கவில்லை. சுவரையும் உத்தரத்தையும் தொடுவதால், முறையாக வரைபடம் போட்டு நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம்.

மற்றவை சின்ன விஷயங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி; அதன் உயரத்தை அம்மாவை நிற்க வைத்து, அவர் கை இயல்பாகப் படியும் இடத்தில் குறித்தோம். படி விளிம்பு தெளிவாகத் தெரிய வேறு நிறம். மேலேயும் கீழேயும் சுவிட்ச். கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் அண்ணன் மகனுக்கும் அது உதவும். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அவனும் ஒருநாள் மெதுவாக ஏறத்தானே வேண்டும்?

வீடு கட்டும்போது நாம் கூடத்தைப் பார்க்கிறோம், சமையலறையைப் பார்க்கிறோம். மிச்சமிருக்கும் இடத்தில் படியைச் செருகுகிறோம். வீட்டில் மூத்தவரின் பாதத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு கூடத்துக்கு வரலாம் என்பதுதான் இத்தனை பேச்சில் நான் கற்றது. பெற்றோரைக் கீழறைக்கு மாற்ற நினைப்பவர்கள், முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்துப் படியை அளந்து பாருங்கள்.

அனுமதி வந்தாலும் ஆடியில் வேலை தொடங்கக்கூடாதாம். ஆவணியில் ஒரு நல்ல நாளை அம்மாவே பார்த்து வைத்துவிட்டார். 17 ஒற்றைப்படை என்பதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.