சேர்க்கையால் அறியும் சொல்

சீன மொழி படிப்பவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் வினைகளில் ஒன்று 'தா'. அகராதி தரும் முதல் பொருள் 'அடி'. எழுத்தின் இடப்பக்கத்தில் கையைக் குறிக்கும் உறுப்பு நிற்பதால் அந்தப் பொருள் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். தொலைபேசியில் அழைப்பதற்கும் குடை பிடிப்பதற்கும் அதே வினை. கிணற்றில் நீர் எடுக்கவும், மீன் பிடிக்கவும், ஸ்வெட்டர் பின்னவும், ஊசி போடவும், தும்மவும்கூட அதே வினைதான். இப்படிப்பட்ட சொல்லைத் தனியே பிரித்தெடுத்துப் பொருள் பொருளாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வருகிறதோ அந்தச் சேர்க்கையாகவே அதைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆழத்தில் ஒரே பொருள்தான் இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும் என்று சிலர் மறுக்கலாம். சீனப் புலவர்களே அப்படிப் பிடிக்க முடியாமல் திகைத்திருக்கிறார்கள். சோங் காலத்து அறிஞர் ஓயாங் சியூ (1007–1072), படகு கட்டுவது, மீன் பிடிப்பது, நீர் மொள்வது, குடை பிடிப்பது எல்லாவற்றுக்கும் மக்கள் 'தா' என்றே சொல்வதைப் பட்டியலிட்டு, இது பிழை வழக்கு என்று வருந்தினார். இருபதாம் நூற்றாண்டில் மொழியியலாளர் லியூ பன்னொங் இதை ஒரு போக்கிரிச் சொல் என்றே ஏசினார். ஆனால் ஓயாங் சியூ பிழை என்ற வழக்குகளில் நீர், மீன், குடை மூன்றும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உயிரோடு இருக்கின்றன. பேசுகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. நீர் என்ற சொல் வந்ததும் எடுப்பது என்றும், குடை என்றதும் பிடிப்பது என்றும் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. பொருளை முடிவு செய்வது பக்கத்தில் நிற்கும் பெயர்தான்.

அப்படியானால் எல்லாமே உருப்போடுவதுதானா என்ற கேள்வி எழும். இல்லை, சேர்க்கைகளுக்குள் குடும்பங்கள் உண்டு. நீர், மீன், சோறு ஆகியவை போய்க் கொண்டுவரும் குடும்பம். தும்மல், கொட்டாவி, குறட்டை ஆகியவை உடம்பு தானாகச் செய்யும் குடும்பம். புதிய சேர்க்கை எதிர்ப்பட்டால் எந்தக் குடும்பத்தில் அமர்கிறது என்று பார்க்கலாம். அடுத்து, அதற்கு மாற்றாக எந்த வினை வரும் என்று கேட்க வேண்டும். ஸ்வெட்டருக்கு 'நெய்' என்ற பொருளுள்ள 'ட்சி'யும், குடைக்கு விரித்துப் பிடிப்பதைச் சொல்லும் 'செங்'கும் வரும். அந்த மாற்று வினையே பொருளைத் துல்லியமாகக் காட்டிவிடும்.

தமிழருக்கு இங்கே ஒரு துணையும் ஒரு பொறியும் இருக்கின்றன. டைப் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், நீச்சல் அடிக்கிறோம். காற்றும் வெயிலும்கூட நமக்கு அடிக்கின்றன. ஆகவே ஒரு வினை இத்தனை தூரம் பரவுவது நமக்கு வியப்பாக இராது. ஆனால் டைப் அடிப்பதற்குச் சீனத்தில் 'தா' பொருந்தும். பெயிண்ட் அடிக்க 'ஷுவா', காப்பி அடிக்க 'சாவ்', காற்று அடிக்க 'குவா' என்று வேறு வினைகள் வேண்டும். நம் 'அடி' போகும் இடமெல்லாம் 'தா' போவதில்லை. எனவே குறிப்பேட்டில் 'தா' என்ற தலைப்பிட்டுப் பொருள்களை அடுக்க வேண்டாம். நீர், குடை, தும்மல் என்று பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குரிய வினையை எழுதி வைப்பதே பேச்சுக்கு உதவும்.