கிழக்கு நோக்கிக் கட்டிய கம்பி

டிசம்பர் 26, 2004, ஞாயிறு

அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலியில் பேசுவதற்கு 17 ஆண்டுகளாக வாய்ப்பில்லாதிருந்ததால், வானொலியாளர் பாரதி பிரசாத்தின் குழு இம்மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் வி.யு.4 ஆர்.பி.ஐ., வி.யு.4 என்.ஆர்.ஓ. எனும் அழைப்புக்குறிகளுடன் ஒலிக்கத் தொடங்கியதும், அந்த ஒரு தொடர்பைத் தம் பதிவேட்டில் ஏற்றிவிட உலகெங்கும் உள்ள ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள், முண்டியடித்தனர். ஒரே நிலையத்தைப் பலர் ஒரே நேரத்தில் அழைக்கும் இந்நெரிசலுக்குப் 'பைல்அப்' என்று பெயர். திருவாதவூரில் இக்குறிப்பேட்டை எழுதுபவரும் மூன்று வாரங்களாக அதில் குரல் கொடுத்துத் தோற்றவரே. இன்று காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கி ஆழிப்பேரலை எழுந்தது. பிற்பகலில் 20 மீட்டர் பேண்டில் நெரிசல் இல்லை; போர்ட் பிளேரிலிருந்து அவசரச் செய்திகளும் பெயர்களுமே வந்தன.

டிசம்பர் 27

பக்கத்துத் தெரு மூதாட்டியின் மகன் போர்ட் பிளேரில் கட்டட வேலை செய்பவர். அங்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. "தம்பி, அந்தப் பெட்டியில அவன் பேரச் சொல்லிக் கேளுங்களேன்" என்று மூதாட்டி கேட்டபோது எழுதுபவரின் விரல் மைக்கின் பொத்தான்மீதே இருந்தது. எனினும் ஒரே அலைவெண்ணில் இரு நிலையங்கள் சேர்ந்து பேசினால் இரண்டும் சிதையும். இங்கிருந்து எழும் ஓர் அழைப்பு, அங்கே வாசிக்கப்படும் யாரோ ஒருவரின் பெயரை அழித்துவிடக்கூடும். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பெயர் ஒரு தாளில் எழுதப்பட்டு, செய்திகளைக் கைமாற்றிக்கொண்டிருந்த சென்னை ஹாம் ஒருவருக்குத் தொலைபேசியில் தரப்பட்டது. பொத்தான் அழுத்தப்படவில்லை. அது சரியா என்ற கேள்வி இரவு முழுவதும் உறங்கவிடவில்லை.

டிசம்பர் 28

கார் நிக்கோபார் என்ற தீவின் பெயர் பலமுறை கேட்டது. மூதாட்டி தந்த பெயர் கேட்கவில்லை.

டிசம்பர் 30

இங்குள்ள ஆன்டெனா 'டைபோல்' வகையைச் சேர்ந்தது. அதாவது அலைநீளத்தில் பாதியளவுள்ள கம்பியை நடுவில் வெட்டி, அவ்விடத்தில் கேபிளை இணைத்துக் கட்டுவது. 20 மீட்டர் பேண்டான 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கைக்கு ஐந்து மீட்டராக மொத்தம் ஏறத்தாழப் பத்து மீட்டர் போதும். கம்பியின் நுனிகள் நோக்கும் திசைகளில் அது மந்தமாகவும், பக்கவாட்டில் கூர்மையாகவும் கேட்கும். ஐரோப்பாவுக்காக வடகிழக்கு-தென்மேற்காகக் கட்டியிருந்ததால், 1,600 கிலோமீட்டர் கிழக்கே உள்ள போர்ட் பிளேர் சாய்வாக விழுந்து மங்கியிருந்தது. இன்று பனைமரத்திலிருந்து அவிழ்த்து, மொட்டைமாடிக் கம்பத்துக்கும் வேம்புக்கும் இடையே வடக்கு-தெற்காக மாற்றிக் கட்டியதும் குரல்கள் தெளிந்தன. மூன்று வாரமும் தோன்றாத இந்த யோசனை, பேசுவதற்கு ஏதுமில்லாத நாளில்தான் தோன்றியது.

ஜனவரி 2, 2005

மழைமேகம், இரைச்சல். செய்தி இல்லை.

ஜனவரி 6

திருமறைநாதர் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகும் மூதாட்டி திண்ணையிலிருந்து எழவில்லை. மகனைப் பற்றி அவர் இப்போது கேட்பதில்லை. அலைபரப்புக்கு உதவும் அயனி மண்டலம் இருட்டியபின் தளர்ந்து பேண்ட் மூடும் வேளையில், சீறலுக்குள் யாரோ வரிசையாகப் பெயர்களை வாசிப்பது மெலிதாகக் கேட்டது. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைக்கும்படி அவர் சொன்னார்.