பெரிய ரேமும் தகரப் பெட்டிகளும்

ஒரு ரேம் 64 ஜிபி. நாலு போட்டால் 256 ஜிபி. இது சேர்வருக்கு இல்லை, வீட்டு மேசையில் வைக்கிற சாதாரண டெஸ்க்டொப்புக்கு. எங்களில் யாருடைய லெப்டொப்பிலும் ஹார்ட் டிஸ்க்கே அவ்வளவுதான்!

கணக்கு சின்னதுதான். ஒரு ரேமில் பொதுவாக 16 சிப் உட்காரும், பக்கத்துக்கு எட்டு. ஒரு சிப் 16 கிகாபிட், அதாவது 2 ஜிபி என்றால் மொத்தம் 32. டிடிஆர்4 காலம் அதோடு நின்றது. 2023இல் 24 கிகாபிட் சிப்போடு 48 ஜிபி என்ற விசித்திரமான எண் கடைக்கு வந்தது. அதே வருஷம் செப்டெம்பரில் சாம்சங் 32 கிகாபிட் சிப்பை அறிவித்தது. பதினாறு நாலு அறுபத்து நாலு.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது எதுக்கு என்று கேட்கலாம். றக்வானைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து கம்பஸ் போன நாங்கள் நாலு பேர், லீவுக்கு வரும்போதெல்லாம் லயத்து வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கிற கடதாசிகளை ஸ்கேன் பண்ணுகிறோம். சம்பளத் துண்டு, பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்கள் அங்கிருந்து போட்ட கடிதங்கள். 1948இல் ஒரு சட்டம் எங்கள் தாத்தா, அப்பாயிமாரை நாடில்லாதவர்கள் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் இருந்த 55 வருஷத்துக்கு அந்தப் பெட்டிதான் சாட்சி. மழை பெய்தால் முதலில் தூக்குவது அதைத்தான்.

அதில் ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில் கலராக ஸ்கேன் பண்ணினால், சுருக்காமல் திறக்கும்போது ஏறக்குறைய 100 எம்பி. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றைத் திறந்தால் 4 ஜிபி காலி. எங்களிடம் இருப்பது யாரோ ஒபீசில் கழித்த பழைய டெஸ்க்டொப். அதில் மொத்தமே 4 ஜிபிதான்.

ரேமைக் கொழுந்துக் கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் தூரத்தில் இருக்கிற ஸ்டோர். கூடை சின்னதாக இருந்தால் நாலு செடிக்கு ஒருக்கா இறக்கிவிட்டு வரணும். ஆள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் நாள் நடையிலேயே போய்விடும். ரேம் நிரம்பியதும் கணினியும் அப்படித்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடி ஓடி வரும். நாங்கள் அதை ‘தொங்கிருச்சி’ என்கிறோம்.

‘ஒன்லைனில் ஏத்தி அங்கேயே செய்யுங்களேன்’ என்று கம்பஸ் நண்பர்கள் சொன்னார்கள். செய்யலாம். ஆனால் ஒரு அப்பாயி தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தை எங்கள் கையில் தந்தது எங்கள் முகத்தைப் பார்த்து. அவருடைய பெயர், அப்பா பெயர், ஊர், இலக்கம் எல்லாம் எந்த நாட்டு சேர்வரில் கிடக்கும் என்று எங்களாலேயே அவருக்குச் சொல்ல முடியாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண்சரிவில் வீடுகளே போயின, பெட்டிகளைச் சொல்லவா வேணும். அதற்குப் பிறகு எங்களுக்கு அவசரம் கூடியது. அதே மாதங்களில்தான் ரேம் விலையும் இரண்டு மடங்கைத் தாண்டி ஏறியது. உலகத்து ரேம் சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்றே கம்பனிகள். ஏஐக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்களுக்குக் கொடுத்தால் லாபம் அதிகம் என்று மூன்றும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. டிசம்பரில் மைக்ரோன், குரூஷியல் என்ற பெயரில் எங்களைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இரத்தினபுரியில் கடைக்கார அண்ணா விலையைச் சொல்லிவிட்டு, “இது இன்னைக்கு விலை தம்பி, நாளைக்குக் கேட்டு வராதீங்க” என்றார். எங்கோ ஒரு ஏஐ எழுதப் பழகுவதற்காக இங்கே ஒரு தோட்டத்துக் கடதாசி காத்திருக்கணும் என்பது எங்களுக்குக் கோபம்தான்.

உண்மையில் 64 ஜிபி ரேமைச் சும்மா தந்தாலும் எங்கள் மெஷினில் ஏறாது. அது டிடிஆர்5, எங்களுடையது டிடிஆர்3. நடுவில் இருக்கிற வெட்டுகூட வேறு இடத்தில். எங்கள் போர்டில் ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜிபி வரைதான் போடலாம். பெரிய மொடல்களை வீட்டிலேயே ஓட்டுகிறவர்களுக்கு 256 தேவைப்படலாம், எங்களுக்கு 16 போதும். பழைய பாட்ஸ் விற்கிற ஒரு அண்ணனிடம் இரண்டு 8 ஜிபி டிடிஆர்3 கிடைத்தது. அதைத் தேடி யாரும் வருவதில்லை என்பதால் விலை எங்கள் கைக்கு எட்டியது. இப்போது ஒரு தடவைக்கு அறுபது பக்கம் திறக்கிறோம், தொங்குவதில்லை.

இன்னும் ஒரு தொல்லை இருக்கிறது. ரேமில் இருப்பது தானாக நிற்காது. 64 மில்லி செக்கனுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் புதுப்பித்தால்தான் நிற்கும். கரண்ட் போனால் எல்லாம் அழியும். புளுத்தோட்டைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தால் இங்கே கரண்ட் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணுகிறோம், முடிந்ததை மூன்று இடத்தில் கொப்பி எடுக்கிறோம். இந்த மாதம் சேர்க்கிற காசு யூபிஎஸ்ஸுக்கு.