கழுவுவதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டு உலை மகனின் ஓட்டோவை நம்பித்தான் கொதிக்கிறது. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டபின், அயல்வீட்டுப் பிள்ளைகளைச் சுற்று வீதியால் ஏற்றிச் சென்றான். வழியெல்லாம் புழுதி.

புழுதி எஞ்சினுக்குள் போனால் அரத்தாள்போல் உள்பாகங்களைத் தேய்த்துவிடும். அதைத் தடுப்பது எயார் பில்டர். அது அடைபட்டால் காபரேட்டர் வண்டி கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும். 2022 ஓகஸ்டில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றரே கிடைத்தபோது அதன் அருமை விளங்கியது.

கடதாசி பில்டர் மலிவு, நன்றாக வடிக்கும். ஆனால் கழுவினால் கெட்டுவிடும். பலமாகக் காற்றடித்தால் கிழியலாம். ஸ்பொஞ் பில்டருக்கு முதலில் விலை கூட. சவர்க்கார நீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, அதற்குரிய எண்ணெயைத் தடவிப் பிழிந்து மீண்டும் மாட்டலாம். எண்ணெய் மிஞ்சினால் புதிய கார்களில் காற்றை அளக்கும் கருவி பழுதாகலாம்.

சகோதரிகளே, உலர்த்தப் பொறுமையுள்ள வீட்டுக்கு ஸ்பொஞ் லாபம். ஓய்வின்றி ஓடும் வண்டிக்குக் கடதாசியே வசதி. எதுவானாலும் உங்கள் வண்டிக்குப் பொருந்துவதையே வாங்குங்கள், அடிக்கடி திறந்து பாருங்கள். யுத்தத்தில் கணவரை இழந்து, கடனுக்கு ஓட்டோ எடுத்த வீடுகள் நம்மிடையே பல. வண்டி நின்றாலும் லீசிங் தவணை நிற்காது.