கட்டுப்பாட்டுக்காகச் சேர்த்த பாடசாலை

ஸ்காபரோவில் தமிழ்த் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் சேர்த்ததற்கு அநேகமாக ஒரே காரணத்தைத்தான் சொல்லுவார்கள்: “அங்கை கட்டுப்பாடு இருக்கு.” சைவக் குடும்பத்தவர்களும் இதையேதான் சொல்லுவார்கள். இந்த நம்பிக்கை கனடாவில் முளைத்ததல்ல. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலந்தொட்டு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் படிப்போடு கொன்வென்ற் சேர்ந்தே வந்திருக்கிறது. மிஷனரிமாரின் கல்விக்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதன் பிறகும் திருநீறு பூசிய நெற்றியோடு கொன்வென்ற் படியேறிய சைவப் பிள்ளைகள் ஏராளம். நானும் அப்படிப் படித்தவள். சிஸ்டர்மார் கண்டிப்பானவர்கள், ஒழுங்காகப் படிப்பிப்பார்கள், பிள்ளை வழிதவறாது என்ற எண்ணம் எங்கள் தாய்மாரின் மனதில் ஊறிக் கிடந்தது. அதே எண்ணத்தோடுதான் நாங்களும் இங்கே எங்கள் பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கினோம்.

என் மூத்தவள் படித்து வெளியேறிவிட்டாள். இளையவன் இப்போது 11ஆம் வகுப்பில் இருக்கிறான். இத்தனை காலம் பார்த்த பிறகு என் கருத்து மாறிவிட்டது. சீருடையும் கட்டுப்பாடும் அந்தப் பாடசாலையில் கிடைப்பவற்றில் மிகச் சிறியவை. அதன் கூட்டு வாழ்க்கைதான் பெரியது. ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து வரும் நிகழ்ச்சிகள், அவற்றுக்காகப் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் வேலை, அந்த மண்டபத்தில் வந்து கூடும் பலநாட்டுக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அதைத்தான் எங்கள் ஆட்கள் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதலில் வியப்பது காசு விஷயத்தில். மதத்தின் பெயரால் நடக்கும் பாடசாலை, ஆனால் கட்டணம் இல்லை. செலவை ஒன்ராறியோ அரசு ஏற்கிறது. 1867இல் கனடாக் கூட்டாட்சி உருவானபோதே, இங்கே சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கரின் பாடசாலை உரிமை அரசமைப்பின் 93ஆம் பிரிவில் எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் நெடுங்காலம் அரசின் உதவி 10ஆம் வகுப்போடு நின்றுபோனது. அதற்கு மேல் படிப்பிக்கப் பெற்றோர் கட்டணம் கட்டினார்கள். 1984 ஜூன் 12ஆம் திகதி முதல்வர் பில் டேவிஸ் கடைசி வகுப்புவரை முழு உதவி என்று அறிவித்தார். 1986இல் அது சட்டமாயிற்று. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பொதுப்பணம் வந்ததன் தொடர்ச்சியாக உயர்நிலைப் பாடசாலைகளின் கதவு எல்லோருக்கும் திறந்தது. தொடக்கப் பாடசாலையில் சேர ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். 9ஆம் வகுப்பில் எந்தச் சமயத்துப் பிள்ளையும் சேரலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போனது அந்த வழியால்தான்.

ஒரு மதத்துக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் இதைப் பாகுபாடு என்றே சொல்லிவிட்டது. கியூபெக்கும் நியூஃபவுண்ட்லாந்தும் 1990களின் கடைசியில் இந்த முறையைக் கைவிட்டன. கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தப் பாடசாலைகளை மூடுவது சுலபமாக முடிகிற காரியமும் அல்ல. இலங்கையில் 1960இல், உதவி பெறும் மதப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க முனைந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் போய்க் குடியிருந்து எதிர்த்தார்கள். ஒரு பாடசாலை தங்களுடையது என்று பெற்றோர் உணர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் நாட்டு வரலாறே சொல்லும்.

செப்டெம்பரில் பாடசாலை தொடங்கியதும் முதலில் வருவது ரெரி ஃபொக்ஸ் ஓட்டம். 1980இல், புற்றுநோயால் ஒரு காலை இழந்த பிறகும் நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கப் புறப்பட்ட அந்த இளைஞனின் கதை இங்கே எல்லாப் பாடசாலைகளுக்கும் பொது. செப்டெம்பர் 30 அப்படியல்ல. அன்று உறைவிடப் பாடசாலைகளில் பாதிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாக எல்லாப் பாடசாலைகளிலும் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை போடுகிறார்கள். ஆனால் கத்தோலிக்கப் பாடசாலையில் போடும்போது அந்தச் சட்டைக்குப் பாரம் அதிகம். ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிச் சிறுமிக்கு 1973இல் பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையை, முதல் நாளே கழற்றி எடுத்துக்கொண்ட உறைவிடப் பாடசாலை பிரிட்டிஷ் கொலம்பியாவில் கத்தோலிக்க மிஷனால் தொடங்கப்பட்டது. கனடா முழுவதும் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் இப்படிப்பட்ட உறைவிடப் பாடசாலைகளில் அடைபட்டார்கள். தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கினார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. அவற்றில் பெரும் பங்கைத் திருச்சபைதான் நடத்தியது.

மகள் 9ஆம் வகுப்பில் இருந்தபோது அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்து கேட்டாள்: “அம்மா, உங்கட கொன்வென்ற்றும் இப்பிடித்தானா?”

இல்லை என்று சொன்னேன். எங்களைத் தாயிடமிருந்து யாரும் பறித்துப் போகவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். தமிழில்தான் படித்தோம். தமிழ் இலக்கணத்தை எனக்கு விளங்கப்படுத்தியவரே ஒரு சிஸ்டர்தான். ஆனால் அந்தப் பதிலோடு விட்டுவிட முடியவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் காம்லூப்ஸ் உறைவிடப் பாடசாலையை நடத்திய அமலமரித் தியாகிகள் சபைதான் 1847இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. சம்பத்திரிசியார் கல்லூரியை வளர்த்ததும், யாழ். பொதுநூலகம் எழுவதற்கு உழைத்த லோங் அடிகளாரை எங்களுக்குத் தந்ததும் அதே சபை. கனடாவில் அந்தச் சபை 1991இல் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் அல்பேர்ட்டாவின் மாஸ்குவாசிஸுக்கு நேரில் வந்து கேட்டார். ஓரிடத்தில் நூலகம் கட்ட உதவியவர்கள் இன்னோரிடத்தில் ஒரு மக்களின் மொழியை அறுத்தார்கள். இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற பாடசாலையில் என் பிள்ளை படிப்பதை நான் விரும்ப மாட்டேன். மகளின் பாடசாலை மறைக்கவில்லை. அன்று அவர்களின் வழிபாட்டில் திருச்சபையின் குற்றம் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளப்பட்டது. சொந்த வீட்டின் பிழையைப் பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்கிற நிறுவனத்தை நான் அன்றுதான் முதலில் கண்டேன். போரிலிருந்து வந்த எங்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஒக்டோபரில் நன்றி நவிலல் நாளையொட்டி உணவு சேகரிப்பு. வகுப்புகளுக்கிடையே போட்டி வைத்து, தகரத்தில் அடைத்த உணவுகளை உணவு வங்கிக்கு அனுப்புவார்கள். இடையிடையே சீருடை இல்லாத நாள் வரும். ஒன்றோ இரண்டோ டொலர் கொடுத்தால் விருப்பமான உடையில் போகலாம், சேர்ந்த காசு ஏதாவது தர்மத்துக்குப் போகும். டிசம்பரில் திருவருகைக் காலம். பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் நத்தாருக்கு முன் ஒன்பது நாள் நடத்தும் சிம்பாங் காபிப் பூசையைப் பற்றி என் பிள்ளைகள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரவு வேலை முடித்த தாதிமார், நித்திரையில்லாத கண்ணோடு பாடசாலை நிகழ்ச்சிக்குச் சோறும் நூடில்ஸும் சமைத்துக்கொண்டு வருவார்கள். கரீபியன் தாய்மாரும் கோவாக்காரரும் வருவார்கள். தமிழ்ப் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு ரியூஷனுக்கு ஏற்ற எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுப் போய்விடுவார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நோகும்.

ஜனவரி ஒன்ராறியோவில் தமிழ் மரபுத் திங்கள். அதற்கான சட்டத்தை மாகாண சட்டமன்றம் 2014இல் நிறைவேற்றியது. அதே மாதக் கடைசியில் முதல் அரையாண்டுச் சோதனை வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பதால், பொங்கல் நிகழ்ச்சியைப் பிள்ளைகள் அவசர அவசரமாகத்தான் ஒப்பேற்றுகிறார்கள். கோலத்துக்கு மாவில்லை, மேளத்துக்கு ஆளில்லை. பெரியவர்கள் நாலு பேர் கைகொடுத்தால் அது வேறு நிகழ்ச்சியாகிவிடும்.

பிறகு தவக்காலம். விபூதிப் புதனன்று உடற்பயிற்சி மண்டபத்தில் பூசை நடக்கும். முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை இடுவார்கள். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் விரும்பினால் பூசிக்கொள்ளலாம். நற்கருணை நேரத்தில் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் சுவாமியார் ஆசீர்வாதம் மட்டும் கொடுத்து அனுப்புவார். மகன் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கையால் திருநீறும் பூசிவிட்டார். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வேண்டாதவர்கள் சமயப் பாடத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் எழுத்தில் கேட்டு விலக்குப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. நாங்கள் கேட்கவில்லை. 11ஆம் வகுப்பின் சமயப் பாடம் உலக மதங்களைப் பற்றியது. அதில் இந்து சமயம் வந்தபோது, கோயிலில் கொடியேற்றம் என்றால் என்ன என்று வகுப்புக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்ததால்தான் என் மகள் அதைப் பாட்டியிடம் கேட்டுப் படித்தாள்.

நாற்பது மணிநேரச் சமூக சேவையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அது முடியாமல் ஒன்ராறியோவில் எந்தப் பிள்ளைக்கும் உயர்நிலைச் சான்றிதழ் இல்லை. 1999இல் 9ஆம் வகுப்புக்குப் போனவர்களிலிருந்து இந்த விதி. எங்கள் பெற்றோர் சிலர் இதை ஒரு கையெழுத்துப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். தெரிந்த கடைக்காரரிடம் சொல்லித் தாளை நிரப்பிவிடலாம் என்று என் காதுபடப் பேசியவர்களும் உண்டு. அது பிள்ளைக்குச் செய்கிற துரோகம். முதியோர் இல்லத்தில் ஞாபகம் தப்பிய ஓர் அம்மாவின் பக்கத்தில் இருந்து சாப்பாடு ஊட்டிய பிள்ளை எந்த ரியூஷனிலும் கிடைக்காத ஒன்றைப் படித்துக்கொண்டு வருகிறது. கோயில் மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவட்டும், தமிழ்ப் புத்தகச் சந்தையில் மேசை தூக்கட்டும், உணவு வங்கியில் பெட்டி அடுக்கட்டும். உண்மையாகச் செய்யட்டும்.

இவ்வளவையும் நடத்துவதில் பெற்றோருக்கு என்ன பங்கு என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. ஒன்ராறியோவின் ஒவ்வொரு அரசுப் பாடசாலையிலும், கத்தோலிக்கப் பாடசாலை உட்பட, ஒரு பாடசாலைச் சபை இருக்க வேண்டும். அதில் பெற்றோரே பெரும்பான்மை. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் இருப்பார்கள். அதிபரும் இருப்பார், ஆனால் அவருக்கு வாக்கில்லை. பாடசாலை ஆண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் தேர்தல். ஆண்டுக்குக் குறைந்தது நாலு கூட்டம், எல்லாம் எவரும் வந்து இருக்கக்கூடிய திறந்த கூட்டம். மாணவர் நடத்தை விதிகள், பாடசாலைச் சபைகளின் நிதி திரட்டல் ஆகியவை பற்றிக் கல்விச் சபை இவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். நாங்கள் எதற்காக இந்தப் பாடசாலையைத் தேடிப் போனோமோ, அந்தச் சீருடை பற்றியும் கேட்க வேண்டும்.

மேல்மட்டத்தில் எங்களுக்குக் குரல் குறைவு. கத்தோலிக்கக் கல்விச் சபையின் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யக் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பிள்ளை அங்கே படித்தாலும் சைவருக்கு அந்த வாக்கு இல்லை. அந்தப் பிரதிநிதிகளின் முடிவு எவ்வளவு கனமானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஜூன் மாதத்தில் பால்புதுமையினரின் வானவில் கொடி ஏற்றுவதை ரொறன்ரோ கத்தோலிக்கக் கல்விச் சபை 2021இல் ஏற்றுக்கொண்டது. பக்கத்து யோர்க் கத்தோலிக்கச் சபை 2023இல் மறுத்தது. ஒரே திருச்சபை, இரண்டு முடிவுகள். அந்த முடிவுகளுக்கேற்ப வேறு வேறு விதமாக வாழ நேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ரொறன்ரோவில் அந்தப் பிரதிநிதிகளின் கையிலிருந்தும் அதிகாரம் போய்விட்டது. 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ கத்தோலிக்கச் சபைக்கு மேற்பார்வையாளரை நியமித்தது. மேலே இப்படி எல்லாம் விலகிப் போகும்போது, எந்தச் சமயத்துப் பெற்றோரும் கைதூக்கிப் பேசக்கூடிய இடமாக மிஞ்சுவது அந்தந்தப் பாடசாலையின் சபைதான். நான் போய் இருந்த கூட்டங்களில், தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பாடசாலையாக இருந்தும், தமிழ்ப் பெற்றோரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

9ஆம் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலையுதிர் காலத்தில் 8ஆம் வகுப்புக் குடும்பங்களுக்காகத் திறந்த மாலை நடத்துவார்கள். அங்கே தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்காதீர்கள். மாணவர் கழகங்கள் என்ன இருக்கின்றன, நாற்பது மணிநேரத்துக்கு யார் வழிகாட்டுகிறார்கள், செப்டெம்பர் 30ஐ எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே பிள்ளை அங்கே படிக்கிறதென்றால் செப்டெம்பரில் வரும் சபைத் தேர்தல் அறிவித்தலை வாசித்து, பெயரைக் கொடுங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் என்று தயங்க வேண்டாம். அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்களில் பலருக்கும் அது இரண்டாம் மொழிதான். கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் மாலையில்தான் நடக்கும், வேலை முடித்து நேரே வரலாம். கணவனும் மனைவியும் மாறி மாறியாவது வாருங்கள்.